மழிக்கும் கத்தியும் மருத்துவக் கையும்

தங்கம் விளைந்த மண்ணில் வாழும் நமக்கு ஓர் உண்மை நன்கு விளங்கும். நிலத்தின் மேற்பரப்பைக் கண்டு அதன் அடியில் உறையும் செல்வத்தை எவராலும் அளந்துரைக்க இயலாது. கல்லும் முள்ளுமாய்க் கிடந்த இந்நிலத்தின் கீழ்தான் உலகப் புகழ் பெற்ற பொன் இருந்தது. மனிதர் செய்யும் தொழில்களும் இத்தன்மையனவே. சிறுதொழில் என்று நாம் ஒதுக்கிவைத்த ஒன்றின் வரலாற்றைச் சற்றே அகழ்ந்து பார்ப்போமாயின், அதனுள் அறிவும் அருளும் தொண்டும் படிந்து கிடக்கக் காணலாம்.

ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று சங்க அன்பர்கள் கேட்டனர். மூவேந்தர் மாண்பையும் சங்ககாலச் சிறப்பையும் எழுதப் புலவர் பலர் உளர். புகைவண்டி நிலையத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் நான், நாள்தோறும் காணும் எளிய மக்களுள் ஒரு சாராரைப் பற்றியே எழுத விழைகின்றேன். நம் தெருமுனையில் சலூன் வைத்திருக்கும் முடிதிருத்தும் தோழர்களின் முன்னோர் இந்நாட்டிற்கு ஆற்றிய பணி யாது? அப்பணிக்கு நாம் அளித்த கைம்மாறு யாது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

பெயர்கள் கூறும் சான்று

ஒரு மரபினரின் வரலாற்றை அறிய அவர்தம் பெயர்களே முதற்சான்று. தமிழ்நாட்டு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர், மங்களர், பிராணோபகாரி ஆகிய பெயர்கள் ஒன்றாக இடம் பெற்றுள்ளன. நாவிதர் என்பது தொழிற்பெயர். மருத்துவர் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. மங்களர் என்பது நன்னிகழ்ச்சிகளில் அவர்களுக்கிருந்த இடத்தைக் காட்டுவது. பிராணோபகாரி என்பதோ, உயிருக்கு உதவி செய்பவர் என்று பொருள்படும் அருமையான சொல். ஈழத்துத் தமிழிலே பரியாரி என்னும் சொல் நாட்டு வைத்தியரையும் குறிக்கும், நாவிதரையும் குறிக்கும். பண்டிதர் என்று அவர்களை அழைக்கும் வழக்கமும் தமிழகத்தில் உண்டு.

தலைமயிரைக் கத்தரிப்பவருக்கு உயிர்காப்பவர் என்னும் பெயர் எங்ஙனம் வந்தது? காரணமின்றிப் பெயர் வழங்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இல்லை.

அடைப்பத்துள் இருந்த மருத்துவமனை

முற்காலத்துச் சிற்றூர்களில் மருத்துவமனை ஏது? உடலிற் கட்டி எழுந்தால் அதனைக் கீறிச் சீழ் அகற்றவும், புண்ணைக் கழுவி மருந்திட்டுக் கட்டவும், கெட்ட குருதியை வெளியேற்றவும் கூரிய கருவியும் பழகிய கையும் வேண்டும். இவ்விரண்டும் நாவிதரிடம் இருந்தன. அடைப்பம் என்னும் தம் கருவிப் பையில் சவரக் கத்தி, கத்தரி, நகவெட்டி ஆகியவற்றோடு மருந்துப் பொதியையும் எடுத்துக்கொண்டு அவர் வீடுதோறும் சென்றார். பச்சிலைகளின் இயல்பும் குழித்தைலங்களின் பக்குவமும் தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாய் வந்தன.

ஆடவர் அறுவை மருத்துவம் செய்தனர் என்றால், பெண்டிர் செய்த பணி அதனினும் பெரிது. மருத்துவச்சி என்னும் பெயரால் அவர்களே ஊரார் வீட்டுப் பேறுகாலங்களைப் பார்த்தனர். நள்ளிரவிலும் மழையிலும் அழைத்தவுடன் எழுந்து சென்று, தாயையும் சேயையும் காக்கப் பாடுபட்டனர். 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், இம்மரபினரின் மருத்துவத் தொழிலையும் இவர்தம் பெண்டிரின் பேறுகாலப் பணியையும் குறித்து வைத்துள்ளார்.

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றிலும் நாவிதரின்றி எச்சடங்கும் நிறைவுறாது. இத்தனைக்கும் அவர் பெற்ற ஊதியம் அறுவடைக் களத்தில் அளந்து கொடுக்கப்படும் சில மரக்கால் நெல். அதற்குச் சுதந்திரம் என்று பெயர். பெயர்தான் சுதந்திரமே தவிர, அதனைப் பெற்றவர் ஊராரின் ஏவலுக்குக் காத்து நிற்க வேண்டியவராகவே இருந்தார்.

மேனாட்டில் நேர்ந்ததும் நம் நாட்டில் நேர்ந்ததும்

நாவிதரே அறுவை மருத்துவராக இருந்தது நம் நாட்டில் மட்டுமன்று. ஐரோப்பாவிலும் அஃதே நிலை. 1540-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே கழகமாக இணைக்கப்பட்டனர். பிரெஞ்சு நாட்டில் நாவிதத் தொழில் பயின்று வளர்ந்த அம்புரோசு பாரே என்பார், 1537-ஆம் ஆண்டில் போர்க்களத்திலே ஒரு புதுமை கண்டார். குண்டு பாய்ந்த புண்ணில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவது அந்நாளைய வழக்கம். எண்ணெய் தீர்ந்துபோகவே, முட்டையின் மஞ்சட்கருவும் பன்னீர்ப்பூத் தைலமும் கர்ப்பூரத் தைலமும் கலந்து அவர் பூசினார். மறுநாட் காலையில், கொதிநெய் ஊற்றப்பட்டோர் துடித்துக்கொண்டிருக்க, களிம்பு பூசப்பட்டோர் அமைதியாய் உறங்கியிருக்கக் கண்டார். பிற்காலத்தில் அவர் மன்னர்களுக்கே அறுவை மருத்துவரானார். இக்கால அறுவை மருத்துவத்தின் தந்தையருள் ஒருவர் என்று உலகம் அவரைப் போற்றுகின்றது.

1745-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் நாவிதரைவிட்டுப் பிரிந்து தனிக்கழகம் கண்டனர். 1800-ஆம் ஆண்டில் அவர்கள் இலண்டனில் அரச கல்லூரியாக உயர்ந்தனர். ஆயினும் அந்நாட்டில் இன்றும் அறுவை மருத்துவரை டாக்டர் என்று அழையாது மிஸ்டர் என்றே அழைக்கின்றனர். பல்கலைக்கழகப் பட்டமின்றிக் கத்தி பிடித்துத் தொழில் பயின்ற பழங்காலத்தின் நினைவே அது. அவர்கள் அதனை இழுக்காகக் கருதவில்லை, பெருமையாகவே கொண்டனர்.

இங்கு நேர்ந்தது வேறு. 1835-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவப் பள்ளி தோன்றியது. 1844-ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவமனை தோன்றியது. இவை நாட்டிற்குப் பெருநன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. தூய்மை குன்றிய பழைய முறைகளால் தாய்மாரும் குழந்தைகளும் மாண்டதுண்டு. அதனை மறைப்பது வரலாறாகாது. ஆயினும், வழிவழியாய்க் கத்தி பிடித்த மரபினரை அழைத்துப் புதிய கல்வியை அவர்களுக்கு அளிக்க எடுத்த முயற்சி மிகச் சிறிது. 1903-ஆம் ஆண்டில் கர்சன் பிரபுவின் துணைவியார் தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி, நாட்டு மருத்துவச்சியருக்குப் பயிற்சி தர முற்பட்டது. அத்தகைய முயற்சிகள் பரவலாக வேரூன்றவில்லை. மருத்துவம் கல்லூரிக்குச் சென்றது. கற்றவர் அதனோடு சென்றனர். நாவிதரிடம் எஞ்சியவை சவரக் கத்தியும் ஊராரின் இளக்காரமுமே.

இருபுறமும் கூரான கத்தி

இவ்விடத்தில் நம் போன்றோர் மறக்கவொண்ணாத மற்றோர் உண்மையையும் கூறியாக வேண்டும். கோலார் தங்கவயலில் குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. அவர்தம் ஊர்களில் நாவிதர் அவர்களுக்கு முடி திருத்தமாட்டார். பாபாசாகேப் அம்பேத்கர் சத்தாராவில் சிறுவராயிருந்த காலத்தில், ஊரில் நாவிதர் இருந்தும், கொடுக்கக் காசு இருந்தும், தீண்டத்தகாதவர் என்பதால் எந்த நாவிதரும் முடிவெட்ட இசையவில்லை. தமக்கும் உடன்பிறந்தாருக்கும் மூத்த சகோதரியே முடிவெட்டினார் என்று அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

இக்கொடுமைக்கு நாவிதரைமட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. மேற்சாதியார் களத்தில் அளக்கும் நெல்லை நம்பி வாழ்ந்தவர் அவர். ஒடுக்கப்பட்டவர் தலையைத் தொட்டால், மறுநாள் ஊரார் வீட்டு வாயில் அவருக்கு அடைபடும். அவரையே தாழ்ந்தவர் என்று ஒதுக்கிய சமுதாயம், அவர் கையாலேயே மற்றொருவரையும் ஒதுக்கச் செய்தது. சாதியின் சூழ்ச்சி அத்தகையது.

1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் கடைகளில் நுழைவதைத் தடுப்பதையும் பணிசெய்ய மறுப்பதையும் குற்றமாக்கியது. சட்டத்திற்குத் துணைநின்றது நகரத்து நாற்காலி. காசு கொடுத்தவர் எவராயினும் அதே நாற்காலி, அதே கண்ணாடி, அதே துண்டு என்னும் முறை வந்தபோது, ஊரில் வாயிலுக்கு வெளியே நின்றவரின் மகன் நகரத்துச் சலூனில் தலைநிமிர்ந்து அமர்ந்தான். சிற்றூர்கள் சிலவற்றில் பழைய வழக்கம் இன்னும் அறவே ஒழியவில்லை என்பதும் உண்மை. ஆகவே அந்நாற்காலியின் அருமையை நாம் குறைத்து எண்ணலாகாது.

அறத்திற்காக உயர்ந்த கை

ஒடுக்கப்பட்ட நிலையிலும் இம்மரபினர் அறத்தின்பால் நின்றதற்கு வரலாற்றில் சான்றுகள் உள.

புத்தர்பெருமானின் சீடருள் ஒருவரான உபாலி, சாக்கிய இளவரசர்களுக்கு நாவிதராக இருந்தவர். இளவரசர்கள் துறவு பூணச் சென்றபோது, தங்கள் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு உபாலிக்கே முதலில் துறவு அளிக்குமாறு வேண்டினர். அங்ஙனமே அவர் மூத்தவராக, இளவரசர்கள் அவரை வணங்கினர். புத்தர் மறைந்தபின் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில், துறவியர் ஒழுக்க நெறிகளாகிய விநயத்தை ஓதி உறுதிசெய்தவர் அந்த உபாலியே. அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்ட மண் நம் மண். 1926-ஆம் ஆண்டு முதல் அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தியதும் இத்தங்கவயலிலிருந்துதான். நாவிதர் ஒருவர் நெறியாசிரியராக உயர்ந்த இவ்வரலாறு நம்மவர்க்குச் சிறப்பாக உரியது.

1890-ஆம் ஆண்டில் பம்பாயில் நிகழ்ந்தது மற்றொன்று. கணவனை இழந்த இளம்பெண்களின் தலையை மழிக்கும் கொடிய வழக்கம் அக்காலத்தில் சில வகுப்பாரிடையே நிலவியது. ஜோதிராவ் பூலேயின் வழிவந்தவரும், ஆலைத் தொழிலாளர் தலைவருமான நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் நாவிதர் நூற்றுக்கணக்கானோர் ஒன்றுகூடி, இனி அப்பாவச் செயலைச் செய்யோம் என்று முடிவெடுத்தனர். கிடைக்கும் கூலியை வேண்டாவென்று தள்ளி, முகமறியாப் பெண்களின் கண்ணீரைத் துடைக்க முன்வந்த அவர்தம் துணிவை என்னென்பது!

தமிழகத்தில் நீதிக்கட்சியும் சுயமரியாதை இயக்கமும் வளர்ந்த நாளில், சென்னையில் சித்த மருத்துவராய்ப் புகழ்பெற்ற ஆனந்தம் பண்டிதர், தாம் பிறந்த மருத்துவர் சமூகத்தாரின் தன்மானத்திற்காகப் பாடுபட்டார். ‘மருத்துவன்’ என்னும் இதழையும் நடத்தினார். இதழின் பெயரே ஓர் உரிமைக் குரல் அன்றோ! பீகாரில் முடிதிருத்தும் எளிய குடும்பத்தில் பிறந்த கர்ப்பூரி தாக்கூர் இருமுறை முதலமைச்சராக இருந்தார். பிற்படுத்தப்பட்டோர் கல்விக்கும் வேலைக்கும் வழிவகுத்த அவருக்கு, மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப்பின், 2024-ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றது.

சலூன் என்னும் படிப்பகம்

மருத்துவம் கைவிட்டுப் போனபின் இத்தொழில் வேறொரு வகையில் மக்களுக்குப் பயன்பட்டது. 1942-ஆம் ஆண்டில் மதுரையில் சி. பா. ஆதித்தனார் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்போரும் புரிந்துகொள்ளும் எளிய நடையில் நடத்தினார். அத்தகைய இதழ்கள் பாமர மக்களின் கைக்குச் சென்றது எவ்வழி? தேநீர்க் கடையும் சலூனுமே வழி. ஒருவர் வாங்கிய இதழை அங்கே ஐம்பதின்மர் படித்தனர். படிக்கத் தெரியாதவர் காதாற் கேட்டனர். அரசியல் பேசப்பட்டது, தமிழ் பேசப்பட்டது, தலைவர்கள் படங்கள் சுவரை அணிசெய்தன. திராவிட இயக்கத்தின் வளர்ச்சியில் படிப்பகங்களோடு சலூன்களுக்கும் பங்குண்டு என்பது ஆராய்ந்தோர் கருத்து.

பௌரிங்பேட்டை என்று அந்நாளில் வழங்கிய பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை போடப்பட்டது. பொன்வயலுக்கு ஆளையும் பொருளையும் கொணர்ந்த அவ்வழியாகத் தமிழும் வந்தது. சுரங்கம் இயங்கிய நாளில், பணி முடிந்து மேலேறிய நம் தொழிலாளர் பலருக்குச் சலூனின் மரப்பலகையே வாசகசாலை. பூமிக்கடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் இருளிற் பாடுபட்டவர், அங்கே உலகச் செய்தியின் வெளிச்சத்தில் சிறிது நேரம் இளைப்பாறினார். மனத்துயரத்தை மனைவியிடம்கூடச் சொல்லாதவர், கழுத்தில் துண்டு கட்டிக் கண்மூடி அமர்ந்திருக்கையில் முடிதிருத்துபவரிடம் சொல்லி ஆறுவதுண்டு.

இந்நாளில் இவ்வழியை ஒருவர் மிகச் செம்மையாக வளர்த்துள்ளார். தூத்துக்குடி மில்லர்புரத்தில் சலூன் நடத்தும் பொன் மாரியப்பன், வறுமையால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தம்மால் தொடர இயலாத கல்வி பிறரைச் சென்றடையட்டும் என்று தம் சிறிய கடையிலேயே நூலகம் அமைத்தார். காத்திருப்போர் நூல் எடுத்துப் படிக்கலாம். படிப்போருக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் தந்தார். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் வானொலி உரையில் பிரதமர் அவருடன் தமிழிலே சில சொற்கள் பேசினார். உங்களுக்குப் பிடித்த நூல் யாது என்ற வினாவிற்கு அவர் தந்த விடை: திருக்குறள்.

அதே ஆண்டில் கொரோனா நோய் பரவி ஊரடங்கு வந்தபோது, ஒருவரையொருவர் தொட அஞ்சிய அந்நாளில், தொட்டே பிழைக்க வேண்டிய முடிதிருத்துவோர் பிழைப்பிழந்தனர். அந்நிலையிலும் மதுரையில் சலூன் நடத்திய மோகன் என்பவர், மகளின் படிப்பிற்காகச் சேர்த்து வைத்திருந்த ஐந்து இலட்சம் ரூபாயை எடுத்து ஏழைகளுக்கு உணவுப் பொருள் வழங்கினார். 2020-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் வானொலி உரையில் பிரதமர் அவரையும் பாராட்டினார். பிராணோபகாரி என்னும் பழம்பெயர் வெறும் பெயரன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மீண்டும் மருத்துவம்

மருத்துவத்தைவிட்டுப் பிரிந்த இத்தொழிலை மருத்துவ உலகமே மீண்டும் தேடி வந்த செய்தியும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கறுப்பின மக்களுள் பலர் இரத்த அழுத்த நோயால் வருந்தினர். மருத்துவமனைக்கு வரத் தயங்கிய அவர்கள் முடிதிருத்தும் நிலையத்திற்குத் தவறாது வந்தனர். எனவே ரொனால்ட் விக்டர் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 52 முடிதிருத்தும் நிலையங்களில் 319 ஆடவரைக் கொண்டு ஆராய்ந்தனர். ஒரு பகுதியினருக்கு, முடிதிருத்துவோர் ஊக்கமளிக்க, மருந்தாளுநர் அக்கடைக்கே வந்து மருந்து தந்தனர். மற்றப் பகுதியினருக்கு முடிதிருத்துவோரின் அறிவுரை மட்டும் கிடைத்தது. ஆறு திங்களில் முதற் பகுதியினரின் மேல் அழுத்தம் சராசரியாக 27 அளவு குறைந்தது. மற்றவர்க்கு 9 அளவே குறைந்தது. 2018-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு மருத்துவ உலகின் கருத்தைக் கவர்ந்தது.  முதற் பகுதியினருக்கு மருந்தும் நம்பிக்கைக்குரியவரின் கடை வழியாகவே வந்தது என்பதே வேறுபாடு.

நாம் செய்யத்தக்கது

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நம் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நம்மவர் ஆயிரக்கணக்கில் விடியற்காலை வண்டியேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். தந்தை திரும்பும்போது பிள்ளை உறங்கிவிடுகின்றான். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே பெருகி வருகின்றனர். நூலகத்திற்கு வாரத்தில் ஒருநாள் செல்லவும் பலருக்கு ஓய்வில்லை. ஆயினும் திங்களுக்கொரு முறை சலூனுக்குச் செல்லாத ஆடவரும் சிறுவரும் எவர்?

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, நம் பகுதிச் சலூன்களுள் இசைவு தருவனவற்றில் சங்கத்தின் செலவில் ஒரு சிறு நூலடுக்கு அமைத்து, தமிழ் அரிச்சுவடி முதல் திருக்குறள் எளியவுரை வரை வைத்தல் வேண்டும். இரண்டாவது, ஆண்டிற்கு இருமுறையேனும் மருத்துவர் துணையோடு அங்கேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்தல் வேண்டும். மூன்றாவதற்குச் செலவே இல்லை. அத்தொழிலின் பழம்பெயரை வசைச்சொல்லாக வழங்கும் இழிவழக்கத்தை நம் வீடுகளிலிருந்து அகற்றி, அண்ணன் என்றோ தம்பி என்றோ உறவு சொல்லி அவர்களை அழைத்தல் வேண்டும். நம் பாட்டனாரை நாற்காலிக்கு வெளியே நிறுத்திய அதே சாதிதான் அவர் பாட்டனாரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியது. இருவரும் ஒரே கையால் தள்ளப்பட்டவர்கள். இருவரும் ஒரே அடுக்கிலிருந்து நூலெடுத்துப் படிக்கும் நாள் இந்நந்திதுர்க்கில் விரைவில் வருவதாக.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்! ஓங்குக உழைப்போர் உயர்வு!